ஆஷாவின் கையில் ஒன்பது கேள்விகள்

தூக்கம் வரவில்லை, தலை கனக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவர்களில் பலருக்கு உண்மையான நோய் மனச்சோர்வு. வரிசை நீளமாக இருக்கும். சத்து மாத்திரையோடு அவர்கள் வீடு திரும்புவார்கள். 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இந்தியாவில் வயதுவந்தவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வந்திருக்கவில்லை.

மனநலச் செயலிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தனியாக இயங்கும் செயலியால் மருந்து எழுத முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டவரின் வீட்டுக்குப் போய் விசாரிக்கவும் முடியாது. அவற்றைச் செய்யக்கூடிய ஆட்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறார்கள். அவர்களோடு கருவியைச் சேர்ப்பது எப்படி என்பதற்கு ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் நடந்த ‘ஸ்மார்ட்’ திட்டம் நல்ல எடுத்துக்காட்டு.

அங்கே ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர்கள் டேப்லெட் கணினியோடு வீடு வீடாகச் சென்றார்கள். அதில் இருந்தவற்றுள் முக்கியமானது மனச்சோர்வை அளவிடும் பி.ஹெச்.க்யூ-9 என்ற வினாத்தாள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா, தூக்கம் கெட்டதா என ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் போனால் மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது பொதுவான அளவு. தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாம் கேள்விக்கு 0 அல்லாத மதிப்பெண் வந்தால், கூட்டுத்தொகை எதுவானாலும் காத்திருக்கக் கூடாது.

விவரம் சுகாதார நிலைய மருத்துவரின் டேப்லெட்டுக்குப் போய்ச் சேரும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலை ஒட்டிய மென்பொருள், அடுத்து என்ன கேட்பது, எந்தச் சிகிச்சை தருவது என்று அவருக்குப் படிப்படியாகக் காட்டும். மனநல நிபுணர் அருகில் இல்லாத ஊரில் இது பெரிய துணை. யாரை முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதை ஆஷாவுக்கும் கருவியே நினைவூட்டும். மனநோய் பற்றிய கூச்சம் குறைய ஊரில் நாடகமும் போட்டார்கள். இதை விட்டுவிட்டுக் கருவியை மட்டும் கொடுத்திருந்தால் எத்தனை கதவுகள் திறந்திருக்கும் என்பது ஐயமே. பழங்குடியினர் வாழும் 30 கிராமங்களில், பாதிப்பு கண்டறியப்பட்டவர்களிடையே மனநல சேவையை நாடியோரின் பங்கு 0.8 விழுக்காட்டிலிருந்து 12.6 விழுக்காடாக உயர்ந்தது.

புதுக்கோட்டையில் இன்னொரு வழி. சென்னையின் ‘ஸ்கார்ஃப்’ மனநல நிறுவனம் 2010இல் தொடங்கிய திட்டத்தில், பேருந்து ஒன்று ஊர் ஊராகப் போனது. உள்ளே திரையில் சென்னை மருத்துவர் பேசினார்; மருந்தும் அந்தப் பேருந்திலேயே கிடைத்தது.

2022 அக்டோபர் 10 முதல் ‘டெலிமானஸ்’ என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவை நாடு முழுக்க இயங்குகிறது. 14416ஐ அழைத்தால் முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவையானால் நிபுணருக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ அனுப்புவார்.

வழி எதுவானாலும் சில எச்சரிக்கைகள் தேவை. வீட்டுக்கு ஒரே கைபேசி இருக்கும் இடத்தில், நோயாளிக்கு வரும் நினைவூட்டல் அழைப்பை மாமியார் எடுக்கக்கூடும். அதில் நோயின் பெயர் வரக் கூடாது. மனச்சோர்வு மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும். குணம் தெரிந்த பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டும். சுகாதார நிலைய மருந்தகத்தில் அந்த மாத்திரை ஒரு மாதம் இல்லாமல் போனால், ஆஷா கேட்ட ஒன்பது கேள்விகளும் வீண்.