வாசிக்க முடியாமல் போகும் எங்கள் செய்திகள்: லினக்ஸ் பாவிக்கும் ஒருவரின் சில அபிப்பிராயங்கள்

2000களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தை இன்று தேடித் திறந்தால், பல வேளைகளில் அதில் தமிழ் தெரிவதில்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கலந்து, எந்த மொழியிலும் சேராத வரிகள்தான் தெரிகின்றன. பக்கம் பழுதாகிவிட்டது என்று நினைத்து மூடிவிடுகிறோம். ஆனால் செய்தி அழியவில்லை. அங்கேயேதான் இருக்கிறது. அதை வாசிக்கும் சாவிதான் நம் கையில் இல்லை.

வேறு சமூகங்களுக்கு இது சிறிய தொழில்நுட்பச் சிக்கலாக இருக்கலாம். எங்களுக்கு அப்படியல்ல. எந்தத் திகதியில் எந்த ஊர் சுற்றிவளைக்கப்பட்டது, யார் யார் கொண்டு செல்லப்பட்டார்கள் என்பதற்கு, பல குடும்பங்களிடம் எஞ்சியிருப்பது ஒரு பத்திரிகைத் துண்டு அல்லது ஒரு பழைய இணையச் செய்தி மட்டும்தான்.

நான் ஆரையம்பதியில் இருந்து எழுதும் சுயாதீன ஊடகவியலாளர். ஊடகக் கற்கை படித்த காலத்திலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தையே பாவித்து வருகிறேன். கணினி விற்பன்னர் அல்ல. ஆனால் நீண்டகாலம் ஒரே கருவியோடு புழங்கினால் சில அபிப்பிராயங்கள் வந்துவிடும். செய்தியும் கணினியும் சந்திக்கும் இடத்தில் எனக்கு வந்தவை இவை.

யுனிக்ஸ் சொல்லித்தந்த ஒரு பாடம்

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் தொடங்கிய இயங்குதளம் யுனிக்ஸ். அதே போக்கில் 1991இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது லினக்ஸ். உங்கள் கையில் இருப்பது அன்ட்ரொய்ட் கைப்பேசி என்றால், அதன் அடித்தளத்தில் இயங்குவதும் லினக்ஸ்தான்.

யுனிக்ஸ் மரபில் ஒரு பழக்கம் உண்டு. முக்கியமான எதையும் வெற்று எழுத்துக் கோப்பாக வைத்திருப்பார்கள். நிறம், அலங்காரம், குறிப்பிட்ட நிறுவனத்தின் மென்பொருள் எதுவும் அதற்குத் தேவையில்லை. எந்தக் கணினியிலும் திறக்கலாம்; எந்தக் கருவியாலும் தேடலாம். 'கிரெப்' என்ற சிறு கட்டளை, ஆயிரக்கணக்கான கோப்புகளுக்குள் ஒரு பெயர் எங்கெல்லாம் வருகிறது என்பதை நொடியில் காட்டும். அதை எழுதியவரும் கென் தொம்சன்தான்.

ஆனால் இந்த வசதி தமிழுக்கு உடனே கிடைக்கவில்லை. காரணம், எழுத்துரு.

பாமினி செய்தது என்ன?

ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் நீண்டகாலம் கோலோச்சியது பாமினி எழுத்துரு. அது இல்லாதிருந்தால் எத்தனையோ செய்தித்தாள்களும் துண்டுப்பிரசுரங்களும் வந்திருக்காது. அதன் சேவையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அது வேலை செய்யும் விதம் ஒரு முகமூடி போன்றது. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால், கணினி தன் நினைவில் சேமிப்பது ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். திரையில் தமிழ் வடிவத்தை மாட்டிவிடுவது எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்று விழுகிறது.

தேடலிலும் இதே பிரச்சினைதான். நீங்கள் கூகுளில் ஒருவரின் பெயரைத் தமிழில் தேடுகிறீர்கள். பாமினிப் பக்கத்தில் அந்தப் பெயர் ஆங்கிலக் குறிகளாகவே கிடக்கிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை. செய்தி இருந்தும் இல்லாதது போலாகிறது.

இது பழைய கதை மட்டுமல்ல. இன்றும் பல கொமினிகேசன் கடைகளில் பேஜ்மேக்கரிலும் பாமினியிலும்தான் கடிதங்கள் அடிக்கப்படுகின்றன. காணாமலாக்கப்பட்ட மகனுக்காக ஒரு தாய் கொடுக்கும் முறைப்பாட்டுக் கடிதம் கடதாசியில் அழகாக வரும். அதன் கோப்பைப் பென்டிரைவில் வாங்கி வந்து கைப்பேசியில் திறந்தால் ஒன்றும் விளங்காது.

ஒரு சாப்பாட்டுக் கடையில் பிறந்த தீர்வு

உலக மொழிகள் ஒவ்வொன்றின் எழுத்துக்கும் தனி எண் கொடுப்பதுதான் யுனிகோட். 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. அந்த எண்களைக் கோப்புகளில் எப்படிச் சிக்கலின்றி எழுதி வைப்பது என்பது அடுத்த கேள்வி. 1992 செப்டெம்பரில் நியூ ஜேர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், மேசையில் விரிக்கும் தாளொன்றில் அதற்கான முறையை வகுத்தார் கென் தொம்சன். உடனிருந்தவர் ரொப் பைக். அந்த முறையின் பெயர் யூடிஎப்-8. இன்று நீங்கள் வாசிக்கும் பெரும்பாலான தமிழ் இணையப் பக்கங்கள் அந்த முறையிலேயே வருகின்றன.

'ஆரையம்பதி' என்ற சொல் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யுனிகோட்டில் அது ஒன்பது குறியெண்கள். யூடிஎப்-8 கோப்பில் ஒவ்வொன்றும் மூன்று பைட் என 27 பைட் இடம் பிடிக்கும். ஒரு கைப்பேசிப் படத்துக்குத் தேவையான இடத்தில் சில நூறு செய்திகளை எழுத்தாக வைத்துவிடலாம். அவற்றை இன்னும் முப்பது வருடம் கழித்தும் திறக்கலாம் என்பதே முக்கியம்.

மியன்மாரில் சவ்ஜி என்ற எழுத்துரு இதே குழப்பத்தை உண்டாக்கியிருந்தது. 2019 ஒக்டோபர் 1ஐ மாற்றத்துக்கான நாளாக வைத்து, அந்த நாடு யுனிகோட்டுக்கு நகரத் தொடங்கியது. எங்களுக்கு அப்படி ஒரு நாள் வரவில்லை. அவரவர் விரும்பியபோது மாறினோம்; பழையதை அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

செய்தி ஏன் சாட்சியமாகிறது?

2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. ஊடகவியலாளர் சுகிர்தராஜன் எடுத்து, சுடர் ஒளியில் வெளிவந்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31இல் சுடப்பட்டார். மட்டக்களப்பைச் சேர்ந்த தராக்கி சிவராம் 2005 ஏப்ரல் 28இல் கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் சடலமாகக் கிடந்தார். அவர் ஆசிரியராக இருந்த தமிழ்நெட் 2007 ஜூனில் இலங்கையில் முடக்கப்பட்டது.

இத்தனை விலை கொடுத்து எழுதப்பட்டவற்றை ஓர் எழுத்துருவுக்கும், சந்தா கட்டாமல் விட்ட ஓர் இணைய முகவரிக்கும் பறிகொடுப்பது சரியா என்பதுதான் என் கேள்வி. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். இங்கே எரிக்க யாரும் வரத் தேவையில்லை. கவனிக்காமல் விட்டாலே போதும்.

முகநூலில்தான் எல்லாம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போதும், 2019இல் சீயோன் தேவாலயம் உட்பட நடந்த உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரலிலும் இந்த நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. முகநூலை மட்டும் நம்பியிருப்பவர், வாசலுக்கு வேறொருவர் பூட்டுப் போடக்கூடிய வீட்டில்தான் குடியிருக்கிறார்.

என்ன செய்யலாம்?

எல்லோரும் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று சொல்ல வரவில்லை. 2025 ஒக்டோபரில் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு நின்றுவிட்டது. அதனால் ஓரங்கட்டப்பட்ட மடிக்கணினி வீட்டில் இருந்தால், லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம், காசு தேவையில்லை. ஆனால் கீழே சொல்பவற்றை எந்தக் கணினியிலும் செய்யலாம்.

முதலாவது, முக்கியமான செய்தியை ஸ்கிரீன்சொட் மட்டும் எடுத்து விட்டுவிடாதீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைச் சாதாரணத் தேடலால் கண்டுபிடிக்க முடியாது. எழுத்தையும் பிரதி செய்து, முகவரியையும் எடுத்த திகதியையும் சேர்த்து வெற்று எழுத்துக் கோப்பாக வையுங்கள்.

இரண்டாவது, இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனத்தின் வேபக் மெஷினில் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துச் சேமியுங்கள். மூடப்பட்ட தமிழ்த் தளங்களின் பழைய பக்கங்களையும் அங்கே தேடலாம். ஆனால் 2024 ஒக்டோபரில் அந்த நிறுவனமே இணையத் தாக்குதலால் சில நாட்கள் முடங்கியது. ஒரே இடத்தை நம்பாமல், இரண்டு மூன்று பிரதிகள் வைத்திருங்கள்.

மூன்றாவது, பாமினியில் கிடைத்த பக்கத்தை வீசாதீர்கள். சுரதாவின் 'பொங்குதமிழ்' போன்ற எழுத்துரு மாற்றிகளில் ஒட்டினால் யுனிகோட்டாக வரும். மூலத்தையும் கூடவே வைத்திருங்கள். மாற்றும்போது பெயர்களில் பிழை நேர்ந்தால் ஒப்பிடலாம். தேடும்போது கிருஷ்ணபிள்ளை, கிருஸ்ணபிள்ளை, கிருட்டிணபிள்ளை என எல்லா வடிவத்திலும் தேடுங்கள்.

நான்காவது, சம்பவப் படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும். எடுத்த நேரம் போன்ற தகவல்களும் நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே போகும். அதில் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம் என்பதால், யாருக்கு அனுப்புகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஐந்தாவது, கடதாசியில் மட்டும் இருப்பவை. 1990 செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலை பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டு செல்லப்பட்ட காலத்தில் இங்கே இணையம் இல்லை. அந்தக் காலத்துப் பத்திரிகைத் துண்டுகளும் கடிதங்களும் அலுமாரிகளில் கறையானுக்குக் காத்திருக்கின்றன. 2005 முதல் ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் போன்ற முயற்சிகள் அவற்றுக்கு வழிகாட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சேமிப்பது வேறு, பகிரங்கமாக ஏற்றுவது வேறு. ஒரு தாயின் வாக்குமூலத்தில் சாட்சிகளின் பெயர்கள் இருக்கலாம். அவர்கள் இன்றும் அதே ஊரில் வாழலாம். அவர்கள் சம்மதிக்காமல் எதையும் இணையத்தில் போடக் கூடாது. கடவுச்சொல் இட்டுப் பூட்டிய பென்டிரைவே அப்படியானவற்றுக்குப் பொருத்தம்.

இதற்கெல்லாம் பெரிய நிதியோ திட்டமோ தேவைப்படாது. உங்கள் ஊரில் தட்டச்சு வேலை செய்யும் பிள்ளையிடம், அடுத்த கடிதத்தை யுனிகோட்டில் அடித்துத் தரும்படி கேளுங்கள். உங்கள் குடும்பத்துக்கு முக்கியமான ஒரேயொரு செய்தியை இந்த வாரம் தேடி எடுத்து, மேலே சொன்னபடி வையுங்கள். நாளைக்கு ஒரு விசாரணையாளரோ ஒரு பேரப்பிள்ளையோ அந்தப் பெயரைத் தேடும்போது, அது கிடைக்க வேண்டும்.