கெடுத்தவர் கட்டட்டும்

ஆற்காட்டிலிருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் ராணிப்பேட்டை. அங்கிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் பதனிடும் ஷாப்புகள்தான். அவற்றின் கழிவால் இந்த மண்ணுக்கு நேர்ந்த கேட்டைப் பேசும்போது வக்கீல்களும் அதிகாரிகளும் தவறாமல் எடுத்துவிடும் ஆங்கிலத் தொடர் ஒன்று உண்டு: ‘பொல்யூட்டர் பேஸ்’. கெடுத்தவர் கட்டட்டும் என்று பொருள். 1972இல் பணக்கார நாடுகளின் கூட்டமைப்பு ஒன்று வகுத்த கொள்கை இது. 1996 ஆகஸ்டில், வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், இது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது உச்ச நீதிமன்றம். சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு வேலூர் என்றால் கோட்டையோ ஜெயிலோ அல்ல, இந்த வழக்குதான்.

கட்டியது எவ்வளவு? 2001இல் இழப்பீட்டு ஆணையம் கணக்குப் போட்டது. 547 தோல் ஷாப்புகள் சேர்ந்து, பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் தர வேண்டும். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 9,200 ரூபாய்கூட வரவில்லை. அந்தப் பணத்தில் வேறு கிணறு வெட்ட முடியாது. வெட்டினாலும் ஊறுவது அதே உப்புத் தண்ணிதான்.

உப்புதான் இதில் பெரிய வில்லன். பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பு போட்டே ஆக வேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்திலும் அது இருந்தது. பின்னர் குரோமியமும் சேர்ந்துகொண்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் குரோமியத்தைப் பெருமளவு பிரித்துவிடலாம். கரைந்த உப்பு அப்படி மசியாது, ஆர்.ஓ. வைத்து, மிச்சத்தைக் காய்ச்சித்தான் எடுக்க வேண்டும். எடுத்த உப்பு கிடங்குகளில் குவிகிறது. எந்த இழப்பீட்டுத் தொகையும் நிலத்தடி நீரிலிருந்து உப்பை எடுத்துவிடாது.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி பேசியது. பாக்கி இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் அரசு கொடுத்துவிட வேண்டும். பிறகு கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். பாதிக்கப்பட்டவர்களை இனியும் காக்க வைக்கக் கூடாது என்ற அளவில் சரியான உத்தரவுதான். ஆனால் முதலில் கைவைக்கப்படுவது நம் வரிப்பணத்தில்தான்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் குரோமேட்ஸ் கம்பெனி விட்டுப்போன கழிவு லட்சம் டன்னுக்கும் மேல். மழைக்காலத்தில் அதிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசியும். கம்பெனியோ தொண்ணூறுகளிலேயே மூடப்பட்டுவிட்டது. வசூலிக்கப் போனால் அங்கே கதவைத் திறக்க ஆளில்லை.