ஆய்வு மதிப்புரைத் தரவுத்தளங்களும் அவற்றின் பின்னிருந்தோரும்: கணிதத் துறையை முன்வைத்து ஒரு நோக்கு

ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி நம்மிடம் வரும் மாணவர் பெரும்பாலும் முதலில் வினவுவது, ‘இத்தலைப்பில் முன்னரே யாரேனும் ஆய்ந்துள்ளனரா?’ என்பதாகும். தமிழாய்வில் இவ்வினாவிற்கு விடைகாண நூலகப் பட்டியல்களையும் பழைய கருத்தரங்க மலர்களையும் மூத்த பேராசிரியர்தம் நினைவாற்றலையும் நாட வேண்டியுள்ளது. கணிதத் துறையிலோ இதே வினாவிற்குச் சில நொடிகளில் விடை கிடைக்கின்றது. கட்டுரையின் தலைப்பும் ஆண்டும் மட்டுமன்றி, அக்கட்டுரை எதனைப் புதிதாக நிறுவுகின்றது, முந்தைய ஆய்வுகளோடு எவ்வாறு தொடர்புறுகின்றது, எங்கே இடறுகின்றது என்பனவற்றைத் துறையறிந்த ஒருவர் தம் பெயரிட்டு எழுதிய மதிப்புரையும் உடன் கிடைக்கின்றது. இவ்வசதி தானாக அமைந்ததன்று. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக்கால உழைப்பும் ஒரு கட்டத்தில் ஒரு மனிதர் எடுத்த கடினமான முடிவும் இதன் பின்னே உள்ளன. அவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நன்று. இதழில் வெளிவருமுன் கட்டுரையைப் பெயர் குறிப்பிடாத அறிஞர் ஒருவர் மதிப்பிடும் முறையை நாம் அறிவோம். ஈண்டுப் பேசப்படுவது அதுவன்று. வெளிவந்தபின், பிற ஆய்வாளர்களின் பயன் கருதி, கட்டுரையின் சாரத்தைச் சுருக்கி எழுதும் மதிப்புரையே இது. முன்னது வாயிற்காவல், பின்னது வழிகாட்டல். பின்னதில் எழுதுபவரின் பெயர் மறைக்கப்படுவதில்லை.

யார்புக்கும் சென்றால்பிளாட்டும்

இத்தகைய முயற்சிகளுள் காலத்தால் முற்பட்டவற்றுள் ஒன்று செர்மனியில் தோன்றியது. கார்ல் ஓர்ட்மன், பீலிக்சு முல்லர் ஆகிய இருவர் 1868ஆம் ஆண்டின் கணித வெளியீடுகளைத் தொகுத்து மதிப்புரைக்கும் ஆண்டுநூல் ஒன்றைத் தொடங்கினர். ‘யார்புக்’ எனச் சுருக்கமாக வழங்கப்பெறும் அந்நூலின் முதல் தொகுதி 1871இல் நிறைவுற்றது. ஓராண்டின் வெளியீடுகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் திரட்டிய பின்னரே அவ்வாண்டுத் தொகுதியை நிறைவு செய்தல் வேண்டும் என்பது அதன் கொள்கை. முழுமையே குறிக்கோளாக இருந்தமையால் காலத்தாழ்வு தவிர்க்க முடியாததாயிற்று. முதல் உலகப்போருக்குப் பின் தொகுதிகள் பல ஆண்டுகள் பிந்தியே வெளிவந்தன. ஆய்வாளருக்குத் தேவைப்படும் வேளையில் கிட்டாத முழுமையால் பயன் என்ன என்ற வினா இயல்பாகவே எழுந்தது.

அவ்வினாவிற்கு விடையாக 1931இல் இசுபிரிங்கர் பதிப்பகம் வெளியிடத் தொடங்கியதே ‘சென்றால்பிளாட்’ என்னும் மதிப்புரை இதழ். மதிப்புரைகள் வந்து சேரச் சேர வெளியிடப்பெறும். ஆண்டு முடியும்வரை காத்திருத்தல் இல்லை. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு கூரன்ட் முதலியோர் இத்திட்டத்திற்கு ஆதரவாக நின்றனர். ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர் ஓட்டோ நாய்கெபவர்.

நாய்கெபவர் 1899இல் ஆசுத்திரியாவின் இன்சுபுருக்கில் பிறந்தவர். முதல் உலகப்போரில் படையில் பணியாற்றி, இத்தாலியரிடம் போர்க்கைதியாக இருந்தவர். கணிதம் கற்கக் கோட்டிங்கன் வந்தவரின் நாட்டம் பழங்கணிதத்தின்பால் திரும்பியது. பண்டை எகிப்தியரின் பின்னங்கள் பற்றி 1926இல் ஆய்வேடு அளித்தார். பின்னர்ப் பாபிலோனியக் களிமண் பலகைகளில் பொறிக்கப்பெற்ற ஆப்பெழுத்துக் கணக்குகளைப் படித்து, 1935 முதல் 1937 வரை பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். தம் ஆய்விலே மூழ்கியிருக்க வேண்டிய அறிஞர் பிறர் கட்டுரைகளுக்கு மதிப்புரை திரட்டும் பணியில் ஏன் இறங்கினார் என்று வியப்போர் உண்டு. சிதறிக்கிடக்கும் சான்றுகளை ஒழுங்குபடுத்தினாலன்றி வரலாறு எழுத இயலாது என்பதைக் களிமண் துண்டுகளோடு பழகிய ஒருவர் பிறரினும் நன்கு உணர்ந்திருப்பார் என்றே நமக்குத் தோன்றுகின்றது.

1938: ஒரு பெயர் நீக்கம்

1933இல் நாசிகள் ஆட்சியைப் பிடித்ததும் கோட்டிங்கன் கணிதக் கழகம் சிதைந்தது. கூரன்ட் பதவியிழந்தார். கழகத்தின் பொறுப்பு நாய்கெபவரிடம் வந்தது; புதிய அரசுக்கான பற்றுறுதியில் ஒப்பமிட மறுத்தமையால் அப்பொறுப்பு ஒரே நாளில் முடிவுற்றது. அவர் யூதர் அல்லர். ஒப்பமிட்டிருந்தால் பதவியில் நீடித்திருக்கலாம் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1934இல் டென்மார்க்கின் கோப்பனேகன் நகருக்குப் பெயர்ந்தார். இதழின் ஆசிரியப் பணி அங்கிருந்தே தொடர்ந்தது. உலகின் பல பகுதிகளிலிருந்தும் அறிஞர்கள், அவர்களுள் யூதரும் அடங்க, மதிப்புரைகள் எழுதி வந்தனர்.

1938இல் இத்தாலியிலும் இனச்சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. புகழ்பெற்ற இத்தாலியக் கணித அறிஞர் துல்லியோ லெவி-சிவீத்தா யூதர் என்பதனால் பேராசிரியர் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில், சென்றால்பிளாட் இதழின் ஆசிரியர் குழுப் பட்டியலிலிருந்தும் அவர் பெயர் நீக்கப்பட்டது. முதன்மை ஆசிரியரான நாய்கெபவரைக் கலந்து கொள்ளாமலேயே இது செய்யப்பட்டது. குடியேறிய அறிஞர்கள் செர்மானியர்தம் ஆய்வுகளை மதிப்பிடுதல் ஆகாது என்ற நெருக்குதலும் உடன் வந்தது. நாய்கெபவர் விலகினார். கூரன்ட், ஆரல்டு போர், ஆர்டி, வெப்லன், தமார்க்கின் ஆகியோரும் குழுவிலிருந்து விலகினர்.

பட்டியலில் ஒரு பெயர் நீங்கினால் மதிப்புரைகளின் தரம் உடனே குறைந்துவிடுமா என்று கேட்கலாம். குறைந்துவிடாது. ஆயின் மதிப்புரை இதழின் மூலதனம் தாளும் மையும் அல்ல, நம்பிக்கையே. ஒரு கட்டுரையை யார் மதிப்பிடலாம் என்பதை அவருடைய துறையறிவு முடிவு செய்யாமல் பிறப்பு முடிவு செய்யுமாயின், பின்னர் அவ்விதழில் வரும் பாராட்டையும் குறையையும் எவரும் நம்பிப் பயன்கொள்ள இயலாது. இதனாலேயே இவ்விலகலை நாம் வெறும் தன்மான உணர்வாகக் கொள்ளாமல், ஆய்வு முறைமை பற்றிய முடிவாகவும் கொள்கின்றோம்.

அமெரிக்கக் கணிதக் கழகத்தில் புதிய இதழ் வேண்டுமா என்பது குறித்து விவாதம் நிகழ்ந்தது. ஒரே பணிக்கு இரண்டு இதழ்கள் தேவையா, பன்னாட்டு ஒத்துழைப்புக் குலையாதா என்று தயங்கியோரும் இருந்தனர். இசுபிரிங்கர் நிறுவனம் தூதர் ஒருவரை அனுப்பி, ஆசிரியர் குழுவை இரண்டாகப் பிரித்துக் கொள்ளலாம் என்ற உடன்பாட்டையும் முன்வைத்தது. அது ஏற்கப்படவில்லை. நாய்கெபவர் 1939இல் பிரவுன் பல்கலைக்கழகத்திற்கு வந்து சேர்ந்தார். கார்னகி, ராக்பெல்லர் அறக்கட்டளைகளின் பொருளுதவியுடன் 1940 சனவரியில் ‘மேத்தமெட்டிக்கல் ரிவியூசு’ முதல் இதழ் வெளிவந்தது. நாய்கெபவரும் உருசியாவிலிருந்து முன்னரே குடிபெயர்ந்திருந்த தமார்க்கினும் அதன் ஆசிரியர்கள். பின்னாளில் நிகழ்தகவுக் கோட்பாட்டில் பெயர் பெற்ற வில்லியம் பெல்லரும் தொடக்க ஆண்டுகளில் இதற்கு உழைத்தவர். செர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தவர் அவரும்.

பெயர் அறியப்படாதோர்

ஆசிரியர்களைப் பற்றிப் பேசும் வரலாறுகள் மதிப்புரை எழுதியோரைப் பற்றி மிகுதியும் பேசுவதில்லை. இன்று சென்றால்பிளாட்டின் தொடர்ச்சியான தரவுத்தளத்திற்கு ஏறத்தாழ 7000 பேர் மதிப்புரை எழுதுகின்றனர். ஊதியம் இல்லை; நூல் வாங்கும் சலுகை போன்ற சிறு கைம்மாறே உண்டு. பதவி உயர்வுக்கும் இவ்வெழுத்து பெரிதும் உதவுவதில்லை. எனினும் எழுதுகின்றனர். பிறர் ஆய்வைக் கட்டாயமாகப் படிக்க நேர்வதே அவர்கள் பெறும் பெரும்பயன் எனலாம்.

அலுவலகத்தில் இருந்து உழைத்தோருள் எரிக்கா பான்விட்சு அம்மையாரைக் குறிப்பிடாமல் இருத்தல் முறையன்று. 1904இல் பிறந்த இவர் முடிச்சுகள் பற்றிய ஆய்வேட்டால் அறியப்பட்டவர். 1930 முதல் யார்புக்கிலும், 1953 முதல் 1969 வரை சென்றால்பிளாட்டின் முதன்மை ஆசிரியராகவும் பணியாற்றினார். 1961இல் பெர்லின் சுவர் எழுந்தபோது இதழின் பணி இரு நகரப் பகுதிகளுக்கிடையே அகப்பட்டுக் கொண்டது. அரசுகள் முரண்பட்டு நின்ற அக்காலத்தும், கிழக்கும் மேற்கும் சேர்ந்தே 1977 வரை அவ்விதழை நடத்தின.

அமெரிக்க இதழ் 1965இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகருக்கு இடம்பெயர்ந்தது. 1996இல் ‘மேத்சைநெட்’ என்ற பெயரில் இணையத்திற்கு வந்தது. இன்று அதில் 4 மில்லியனுக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. பெர்லின் தரவுத்தளம் 2021 முதல் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் வண்ணம் திறந்துவிடப்பட்டுள்ளது.

இங்கு உழைப்போரின் பணிகளுள் நம்மவர்க்கு நெருக்கமானது ஆசிரியர் பெயர்களைப் பிரித்தறியும் பணி. தமிழ்நாட்டோடு தொடர்புடைய கணித அறிஞர்களுள் மு.சே. நரசிம்மன் ஒருவர்; இராகவன் நரசிம்மன் மற்றொருவர். இருவரும் சென்னை இலயோலா கல்லூரியில் பயின்றோர்; இருவரும் மும்பை டாட்டா ஆய்வுக் கழகத்தில் பணியாற்றியோர். சீனிவாச இராமானுசன் வேறு. 1938இல் பிறந்து 1974இல் மறைந்த சி.ப. இராமானுசம் வேறு. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னொட்டாகக் கொள்ளும் நம் வழக்கத்தைக் குடும்பப்பெயர் மரபினர் எளிதில் விளங்கிக்கொள்வதில்லை. மலேசியத் தமிழர்க்கு இவ்விடர் இன்னும் மிகுதி. அடையாள அட்டையில் ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரம்புவான்’ என்ற இணைப்புக்குப் பின்வரும் தந்தை பெயரைக் குடும்பப்பெயரெனக் கொண்டு, மகளின் கட்டுரையைத் தந்தையின் பெயரில் அடுக்கும் பட்டியல்களை நாம் கண்டே வருகின்றோம். இக்குழப்பத்தைக் கணிப்பொறி தானாகத் தீர்ப்பதில்லை. ஒருவர் அமர்ந்து, கட்டுரைகளை ஒப்புநோக்கித் தீர்க்க வேண்டியுள்ளது.

நாய்கெபவரும் தமிழ் வானியலும்

நாய்கெபவர் நமக்கு முற்றிலும் அயலவரும் அல்லர். 1952இல் ‘ஒசைரிசு’ இதழில் அவர் எழுதிய கட்டுரையொன்றின் பொருளே தமிழ் வானியல்தான். சான் வாரன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1825இல் சென்னையில் வெளியிட்ட ‘காலசங்கலித’ நூலே அதற்கு அடிப்படை. புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரை வாரன் சந்தித்தார். அவர் ஏட்டையோ எழுதுகோலையோ நாடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனனம் செய்திருந்த வாக்கியங்களைக் கொண்டு, 1825 மே 31 இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை.

வாக்கியப் பஞ்சாங்க முறையில் நிலவின் இயக்கம் 248 நாள் சுழற்சியாகக் கொள்ளப்படுவதை நாம் அறிவோம். நிலவு புவிக்கு அண்மையில் வந்து மீளும் காலம் ஒன்பது முறை நிகழ அத்தனை நாளாகும். பாபிலோனியப் பலகைகளில் தாம் கண்ட எண்முறையின் சாயலை நாய்கெபவர் இவ்வாக்கியங்களில் இனங்கண்டார். அம்மரபு எவ்வழியே தென்னகம் வந்தது என்பதில் கருத்து வேறுபடலாம். நாம் கருத வேண்டுவது வேறு. சென்னையில் அச்சாகி, பெரிதும் படிக்கப்படாதிருந்த ஒரு நூலைத் தேடி எடுத்து, அதில் உள்ள கணக்குகளை மீண்டும் செய்து பார்த்து, பயன் இன்னதெனப் பிற ஆய்வாளர்க்கு எடுத்துரைத்துள்ளார். மதிப்புரையாளர் ஒருவரின் பணியும் இதுவேயன்றோ?

தமிழாய்வுக்கும் இத்தகைய முயற்சி அறவே இல்லாமற் போகவில்லை. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் பணியாற்றிய தனிநாயக அடிகளார், முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நிகழ்ந்த 1966ஆம் ஆண்டிலேயே, தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டி ஒன்றை அப்பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழி வெளியிட்டார். அது நூல்களைப் பற்றியது. கட்டுரைகளுக்கு அத்தகைய மதிப்புரைத் தொகுப்பொன்று அமைதல் வேண்டும். பட்டியலிடுதல் நமக்குப் பழகிய பணியே. பெயரிட்டு மதிப்பிடுதல்தான் அரிது. நூல் வெளியீட்டு விழாவில் பாராட்டுரையே வழங்கிப் பழகிய சிறிய வட்டத்தில், குறையைச் சுட்டுபவர் பகைவராகக் கருதப்படும் நிலை உள்ளதை மறைப்பதற்கில்லை. கணிதத்தில் பிழையைப் பிழையென நிறுவிக்காட்டலாம். இலக்கிய ஆய்வில் அவ்வளவு எளிதன்று என்பர். ஓரளவு உண்மைதான். ஆயின் ஒரு கட்டுரை எந்தச் சுவடியை, எந்தப் பதிப்பை, எத்தனை பாடல்களைச் சான்றாகக் கொண்டது, முன்னர்ச் சொல்லப்படாத எதனைச் சொல்லுகின்றது என்பனவற்றைப் பத்து வரிகளில் எழுதுவதற்குக் கணிதம் கற்றிருக்க வேண்டுவதில்லை. முதுகலை மாணவர்களுக்குக் கட்டுரைக்கு ஒன்றாக இவ்வாறு எழுதும் பயிற்சியை அளித்து, அவற்றை ஆசிரியர் பெயர்களோடும் தந்தை பெயர் எது, தம் பெயர் எது என்ற குறிப்போடும் அட்டைகளில் திரட்டி வருதல், எந்நிதியுதவியும் இன்றி இவ்வாண்டே தொடங்கக் கூடியதாகும்.