வெறுமையான ஆசனங்களும் வழங்கப்பட்ட வாக்குறுதியும்

1994 ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடைபெற்ற உலகக் கிண்ண உதைபந்தாட்ட இறுதிப் போட்டியை எமது வாசகர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். நள்ளிரவு கடந்த வேளையில் தொலைக்காட்சியின் முன் விழித்திருந்தோர், இத்தாலிய வீரர் ரொபேர்ட்டோ பாஜியோ உதைத்த பந்து கோல் கம்பத்திற்கு மேலாகப் பறந்து சென்றதையும் பிரேசில் கிண்ணத்தைச் சுவீகரித்ததையும் கண்டனர். அன்று 94,000 இற்கும் மேற்பட்டோர் திரண்டிருந்த அந்த மைதானம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பசடீனா நகரிலுள்ள ரோஸ் பௌல் அரங்காகும்.

அதே அரங்கு இன்று வேறொரு விவாதத்தின் மையமாகியுள்ளது. லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அணி 1982 ஆம் ஆண்டு முதல் ரோஸ் பௌலைத் தனது சொந்த மைதானமாகக் கொண்டு விளையாடி வந்தது. இவ்வணி அதனைவிட்டு நீங்கி, இங்கிள்வூட் நகரில் 2020 இல் திறக்கப்பட்ட சோஃபை அரங்கிற்குச் செல்ல வேண்டுமா என்பதே அவ்விவாதம். ரோஸ் பௌலில் ஏறத்தாழ 89,000 ஆசனங்கள் உள்ளன. சோஃபை அரங்கில் ஏறத்தாழ 70,000 ஆசனங்கள் உள்ளன. பெரிய அரங்கிலிருந்து சிறிய அரங்கிற்குச் செல்வது வெறும் விளையாட்டுச் செய்தி போலத் தோன்றலாம். ஆனால், ஒரு பொது நிறுவனம் ஒரு நகரத்தின் மக்களுக்கு அளித்த வாக்குறுதியின் பெறுமதி என்ன என்ற கேள்வி அதனுள் அடங்கியிருப்பதால் இதனை விளக்குவது பயனுள்ளது என நாம் கருதுகின்றோம்.

முதலில் இரு விடயங்களைத் தெளிவுபடுத்த வேண்டும். கல்லூரி என்ற சொல் எமது நாட்டில் பெரும்பாலும் பாடசாலையைக் குறிக்கும். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது பல்கலைக்கழக மாணவர்களின் விளையாட்டாகும். அவர்கள் உதைபந்தாட்டம் என அழைப்பதும் நாம் அறிந்த ஆட்டமன்று. நீள்வட்ட வடிவப் பந்தைக் கைகளில் ஏந்தி ஓடியும் எறிந்தும், கவசமணிந்த வீரர்கள் ஒருவரோடொருவர் மோதி விளையாடும் ஆட்டமே அது. இந்த ஆட்டத்திற்கு அங்கு உள்ள செல்வாக்கு வியப்புக்குரியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கு 107,000 இற்கும் அதிகமான ஆசனங்களைக் கொண்டது. ஆயினும் ஓர் அணி ஒரு பருவத்தில் சாதாரணமாக 12 போட்டிகளில் விளையாடுகின்றது. அவற்றுள் ஆறு அல்லது ஏழு மாத்திரமே சொந்த மைதானத்தில் நடைபெறும். அதாவது, ஆண்டின் ஒரு சில சனிக்கிழமைகளுக்காகவே இத்தகைய மாபெரும் அரங்குகள் பேணப்படுகின்றன.

லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக அணிக்குத் தனக்கெனச் சொந்த அரங்கு இல்லை. 1982 வரை அது நகரின் கொலிசியம் அரங்கில் விளையாடியது. அவ்வரங்கோ அதன் பரம வைரியான தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வாசலில் அமைந்தது. 1960 களில் பல்கலைக்கழக வளாகத்தினுள்ளேயே ஓர் அரங்கை அமைக்கும் யோசனை எழுந்தபோதிலும் எதிர்ப்புக் காரணமாக அது கைகூடவில்லை. கருதப்பட்ட இடத்தில் ஓட்டப் போட்டிகளுக்கான மைதானமே அமைந்தது. எனவே அணி ஓரிடத்தில் வாடகைக் குடியிருப்பாளராக இருந்து பின்னர் மற்றோரிடத்தில் வாடகைக் குடியிருப்பாளராகியது. இன்றைய பிரச்சினையின் வேர் இங்குதான் உள்ளது.

ரோஸ் பௌல் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து சுமார் 26 மைல் தொலைவிலுள்ளது. லொஸ் ஏஞ்சல்ஸின் வாகன நெரிசலில் இத்தூரத்தைக் கடக்க ஒரு மணித்தியாலத்திற்கும் அதிகமாகலாம். சொந்த வாகனமில்லாத மாணவர் பேருந்துகளையே நம்பியிருக்க வேண்டும். இத்துடன் மற்றுமோர் இடர்ப்பாடும் உண்டு. போட்டிப் பருவம் ஓகஸ்ட் இறுதியிலோ செப்டெம்பர் ஆரம்பத்திலோ தொடங்குகின்றது. ஆனால் அப்பல்கலைக்கழகத்தின் கல்வித் தவணை செப்டெம்பர் பிற்பகுதியிலேயே ஆரம்பமாகின்றது. ஆகவே முதற் போட்டிகள் நடைபெறும்போது மாணவர்களில் பெரும்பாலானோர் வளாகத்திலேயே இருப்பதில்லை. 2022 செப்டெம்பர் 3 ஆம் திகதி கடும் வெயிலில் நடந்த முதற் போட்டிக்கு வந்தோரின் எண்ணிக்கை 27,143 மாத்திரமே. ரோஸ் பௌலுக்கு வந்ததன் பின்னர் அவ்வணி கண்ட மிகக் குறைந்த எண்ணிக்கை அதுவாகும். 2025 பருவத்திலும் சராசரி வருகை 40,000 இனை எட்டவில்லை. அரங்கில் இருவர் அமரக்கூடிய இடத்தில் ஒருவர்கூட அமரவில்லை என்பதே இதன் பொருள்.

வெறுமையான ஆசனங்கள் வருமானத்தை மட்டும் குறைப்பதில்லை. தொலைக்காட்சித் திரையில் அவை கண்ணை உறுத்துகின்றன. எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரலாம் எனத் தேடிவரும் இளம் வீரன், ஆரவாரமற்ற அரங்கைக் கண்டு வேறிடம் நாடுகின்றான். ஆடுவோருக்கும் உற்சாகம் குன்றுகின்றது. 40,000 பேர் 40,000 ஆசனங்களில் அமர்ந்தால் அது பெருந்திருவிழா. அதே 40,000 பேர் 89,000 ஆசனங்களில் சிதறியிருந்தால் அது தோல்வியின் காட்சியாகி விடுகின்றது.

நிதி நெருக்கடியும் இதனுடன் சேர்ந்துள்ளது. 2024 இல் முடிவடைந்த நிதியாண்டில் மாத்திரம் அப்பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பிரிவு 5 கோடி டொலருக்கும் அதிகமான பற்றாக்குறையைச் சந்தித்தது. 2025 இல் அங்கீகரிக்கப்பட்ட நீதிமன்ற இணக்கப்பாட்டின்படி பல்கலைக்கழகங்கள் தமது வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கலாம். முதலாவது ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்திற்கு 2 கோடியே 5 இலட்சம் டொலர் என நிர்ணயிக்கப்பட்டது. நல்ல வீரர்களைத் தக்கவைக்க வேண்டுமாயின் அப்பணத்தைத் தேடியாக வேண்டும். வளாகத்திலிருந்து ரோஸ் பௌலை விடப் பாதித் தூரத்திலுள்ளதும், செல்வந்தர்களுக்கான தனிக்கூடங்கள் நிறைந்ததும், இரு தொழில்முறை அணிகளின் இல்லமுமான சோஃபை அரங்கு இந்நிலையில் கவர்ச்சிகரமாகத் தோன்றுவது இயல்பே.

பசடீனாவின் பக்கத்திலும் நியாயம் உண்டு. 1922 இல் திறக்கப்பட்ட ரோஸ் பௌல் அந்நகரத்தின் சொத்து. 1987 இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பல்கலைக்கழகம் 2044 வரை அங்கு விளையாடும் என்ற உடன்படிக்கையை நம்பியே நகரம் கடன் பெற்று அரங்கைப் புதுப்பித்தது. இதற்காக 15 கோடி டொலருக்கும் அதிகமாகச் செலவிடப்பட்டதாக நகரம் கூறுகின்றது. பிரதான குடியிருப்பாளர் வெளியேறினால் அக்கடனின் சுமை நகர மக்களின் தலையிலேயே விழும். 2025 ஒக்டோபரில் நகரமும் அரங்கை நிர்வகிக்கும் நிறுவனமும் உடன்படிக்கையை நடைமுறைப்படுத்துமாறு கோரி நீதிமன்றத்தை நாடின. அவ்வேளையில் பல்கலைக்கழகம், இறுதி முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை எனத் தெரிவித்தது.

சிறிய அரங்கிற்குச் சென்ற ஏனைய பல்கலைக்கழகங்களின் அனுபவம் இங்கு கவனிக்கத்தக்கது. நியூ ஓர்லியன்ஸ் நகரின் டுலேன் பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் தன் வளாகத்திலேயே சுமார் 80,000 பேர் அமரக்கூடிய அரங்கைக் கொண்டிருந்தது. 1975 இல் அதனை விட்டு 70,000 இற்கும் மேற்பட்ட ஆசனங்களுடைய சுப்பர்டோம் அரங்கிற்கு அணி சென்றது. பழைய அரங்கு பின்னர் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ நாற்பது பருவங்கள் அந்த மாபெரும் கூரையின் கீழ் பெரும்பாலும் வெறுமையான ஆசனங்களின் முன்னே விளையாடிய பின், 2014 இல் 30,000 பேருக்கான யுல்மன் அரங்கைத் தன் வளாகத்திலேயே அது திறந்தது. 2022 டிசெம்பரில் அதே சிறிய அரங்கில் தனது லீக்கின் இறுதிப் போட்டியை வென்ற அவ்வணி, 2023 ஜனவரி 2 ஆம் திகதி கொட்டன் பௌல் போட்டியில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தை 46-45 எனத் தோற்கடித்தது.

இதனைக் கண்டு சிறிய அரங்கே வெற்றியைத் தந்தது என முடிவு செய்வது தவறாகும். 1998 இல் டுலேன் ஒரு போட்டியிலும் தோற்காதிருந்தது சுப்பர்டோமில் விளையாடிய காலத்திலேயே. புதிய அரங்கு திறந்து ஏழு ஆண்டுகளின் பின்னர், 2021 இல், அது இரண்டு போட்டிகளில் மாத்திரமே வென்றது. அரங்கு ஆட்டத்தை வெல்வதில்லை. ஆனால் மாணவன் தன் விடுதியிலிருந்து நடந்தே சென்று சேரக்கூடிய இடத்தில் அணியை நிறுத்தி வைத்ததே அதன் உண்மையான பயனாகும்.

சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகமும் இதற்கு ஒப்பான வழியைத் தேர்ந்தது. சுமார் 70,000 ஆசனங்களுடைய பழைய நகர அரங்கில் விளையாடி வந்த அவ்வணியின் பல்கலைக்கழகம், 2018 நவம்பரில் வாக்காளர்கள் அளித்த அனுமதியுடன் அந்நிலத்தை நகரத்திடமிருந்து வாங்கியது. 2022 இல் 35,000 பேருக்கான புதிய அரங்கை அங்கு திறந்தது. மக்களிடம் கேட்டு, அவர்களது ஒப்புதலைப் பெற்று, விலை கொடுத்து நிலத்தைப் பெற்றமை இங்கு குறிப்பிடத்தக்கது. அதேவேளை, நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 47,000 ஆசனங்களுடைய தனது பழைய அரங்கை இடித்து, 35,000 பேருக்கான புதிய அரங்கை 80 கோடி டொலருக்கும் அதிகமான செலவில் கட்டுவதற்குத் தீர்மானித்தது. சிறியது என்பதால் அது மலிவானது எனக் கொள்ள முடியாது என்பதற்கு இது சான்று.

இவ்வனுபவங்களிலிருந்து பெறப்படும் பாடங்கள் தெளிவானவை. முதலாவது, சிறிய அரங்கு பயன் தந்த இடங்களில் அது அணியின் உண்மையான ஆதரவாளர் தொகைக்கு அமைவாக இருந்தது. இரண்டாவது, அது பல்கலைக்கழகத்திற்குச் சொந்தமாக இருந்தது. மூன்றாவது, அதற்காக முன்னர் அளித்த வாக்கு மீறப்படவில்லை.

லொஸ் ஏஞ்சல்ஸின் யோசனையை இந்த மூன்று அளவுகோல்களாலும் நோக்குவோம். 40,000 இற்கும் குறைவானோர் வரும் போட்டிக்கு 70,000 ஆசனங்களும் மிகையானவையே. சோஃபை அரங்கின் ஏறத்தாழப் பாதி அப்போதும் வெறுமையாகவே இருக்கும். தூரம் பாதியாகக் குறையும் என்பது உண்மை. மாணவரைப் பொறுத்தவரை அது சிறிய நன்மையன்று. ஆயினும் நடந்து செல்லக்கூடிய தூரமாக அது ஆகிவிடாது. தொழில்முறை அணிகளின் இல்லத்தில் பல்கலைக்கழகம் மீண்டும் ஒரு வாடகைக் குடியிருப்பாளராகவே இருக்கும். மூன்றாவது அளவுகோலைப் பற்றிக் கூறத் தேவையில்லை. 2044 என்ற ஆண்டு உடன்படிக்கையில் எழுதப்பட்டுள்ளது.

மாற்றத்தையே எதிர்க்க வேண்டும் என நாம் கூறவில்லை. ரோஸ் பௌலைச் சூழ்ந்த புற்றரையில் போட்டிக்கு முன் குடும்பங்களாக அமர்ந்து உணவருந்தும் பழைய மாணவர்களின் நினைவுகள் மதிப்புக்குரியவை. ஆனால் நினைவுகள் மட்டும் ஆசனங்களை நிரப்புவதில்லை. வருமானமின்றி ஓர் அணி நலிந்து போனால் பசடீனாவுக்கும் அதனால் இலாபமில்லை. பற்றாக்குறை பெருகும்போது உதைபந்தாட்டத்தின் வருமானத்தில் தங்கியுள்ள நீச்சல், மெய்வல்லுநர் போன்ற ஏனைய பிரிவுகளின் மாணவர்களே முதலில் பாதிக்கப்படுவர்.

எனினும், நோய் ஒன்றாக இருக்க மருந்து வேறொன்றாக இருத்தலாகாது. ஆசனங்கள் மிகுதி என்பதே பிரச்சினையாயின் ரோஸ் பௌலிலேயே ஒரு பகுதியை மூடியும், மாணவர் பகுதியை ஆடுகளத்திற்கு அண்மையாக்கியும், தவணை தொடங்குமுன் நடைபெறும் போட்டிகளைக் குறைத்தும் அதனைத் தணிக்கலாம். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துடன் மோதிய 2022 நவம்பர் போட்டிக்கு 70,000 இற்கும் மேற்பட்டோர் அதே அரங்கிற்கு வந்தனர் என்பதை மறந்துவிடலாகாது. தூரமே பிரச்சினையாயின் அதற்கு நிரந்தரத் தீர்வு வளாகத்திலோ அதன் அயலிலோ அமையும் ஓர் அளவான அரங்கே. அதற்கு நிலமும் பணமும் அயலவரின் சம்மதமும் வேண்டும். அது எளிதன்று. பணமே பிரச்சினையாயின் உடன்படிக்கையின் நிபந்தனைகளை மாற்றியமைக்க நகரத்துடன் அமர்ந்து பேச வேண்டும். வெளியேறுவதே முடிவாயினும் நகரம் பெற்ற கடனில் தனக்குரிய பங்கை ஏற்றுக்கொண்டே பல்கலைக்கழகம் வெளியேற வேண்டும்.

பொது மக்களின் பணத்தால் இயங்கும் ஒரு பல்கலைக்கழகம் இளைஞர்களுக்குக் கற்பிக்கும் விடயங்களுள் ஒப்பந்தச் சட்டமும் ஒன்றாகும். வகுப்பறையில் அதனைப் போதித்துவிட்டு, மைதானத்தின் பொருட்டு அதனைப் புறக்கணிப்பது அதற்குப் பெருமை சேர்க்காது. அணி சிறிய அரங்கிற்குச் செல்லலாம், செல்லாமலும் விடலாம். எதுவாயினும் பசடீனா நகர மக்கள் ஏமாற்றப்பட்டோம் என்ற உணர்வுடன் விடப்படாதவாறு அது நிகழ வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.