விருந்தினர் அறைக் கணக்கைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கலாமா?



மிஷன் ஆஸ்பத்திரி வளாகங்களில் நோயாளியுடன் வருகிறவர்கள் தங்குவதற்கென்று சில அறைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேலூர் போன்ற ஊர்களுக்கு மேற்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் சிகிச்சைக்கு வரும் குடும்பங்கள் மூன்று நாள், பத்து நாள், சில சமயம் ஒரு மாதம்கூடத் தங்கிப் போகிறார்கள். வாடகை சிறிய தொகைதான். ஆனால் முன்பணம், சாவி டெபாசிட், நாள் நீட்டிப்பு, முன்னதாகவே காலி செய்தல், மீதியைத் திருப்பித் தருதல் என்று ஒரே குடும்பத்திடம் ஐந்தாறு முறை பணம் கை மாறுகிறது. ரசீது புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரே எழுத்தர் இதையெல்லாம் தவறில்லாமல் எழுதி முடிப்பது எளிதல்ல.

இந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்யும்படி அமைக்கலாம். நீங்கள் அனுப்பும் காணிக்கையும் இதே கணக்கு அலுவலகத்தின் வழியாகவே போகிறபடியால், அது நடக்கிற விதத்தை நீங்களும் அறிந்திருப்பது நல்லது.

ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு தாயும் மகனும் மார்ச் 30 அன்று வருகிறார்கள். அறைக்கு நாளொன்றுக்கு ரூ.400. ஐந்து இரவுக்கு ரூ.2,000 முன்பணமும், சாவிக்கு ரூ.200 டெபாசிட்டும் கட்டுகிறார்கள். பழைய வழக்கப்படி எழுத்தர் ரூ.2,200 வரவு என்று எழுதிவிடுவார். மறுநாளோடு நிதியாண்டு முடிந்துவிடுகிறது. மகனுக்குச் சீக்கிரமே குணமாகி, மூன்று இரவு தங்கி ஏப்ரல் 2 அன்று புறப்படுகிறார்கள். மீதி ரூ.800, டெபாசிட் ரூ.200, ஆக ரூ.1,000 திருப்பித் தரப்படுகிறது. ஏட்டில் பார்த்தால், சென்ற ஆண்டில் ரூ.2,200 வருமானம், இந்த ஆண்டில் காரணம் விளங்காத ரூ.1,000 செலவு. இரண்டுமே உண்மையல்ல.

உண்மையில் மார்ச் மாதத்தின் இரண்டு இரவுக்குரிய ரூ.800 மட்டுமே சென்ற ஆண்டின் வாடகை. மார்ச் 31 இரவு கையிருப்பில் இருந்த மீதி ரூ.1,400 அந்தக் குடும்பத்தின் பணம்; நாம் அதைக் காத்து வைத்திருந்தோம், அவ்வளவுதான். ஏப்ரல் 1 இரவுக்குரிய ரூ.400 புதிய ஆண்டின் வாடகை. தங்கிய இரவுதான் வருமானம், வாங்கிய பணம் அல்ல. இந்த ஒரு விதியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால், ஒவ்வோர் இரவும் அது தானாகவே முன்பணக் கணக்கிலிருந்து ரூ.400 எடுத்து வாடகைக் கணக்கில் சேர்த்துவிடும்.

செய்முறை கடினமானதல்ல. அறை பதிவாகும்போதே ஒரு பதிவு எண் கொடுக்கப்படுகிறது. ரசீது, டெபாசிட், நீட்டிப்பு, திருப்பிக் கொடுத்தது யாவும் அந்த எண்ணின் கீழேயே வரும். பதிவுத் தாளிலிருந்து வவுச்சர்களை நேரே ஏற்றிக்கொள்ளும் வசதி டாலி போன்ற கணக்கு மென்பொருள்களில் உண்டு. யூபிஐ மூலம் வரும் ஒவ்வொரு தொகைக்கும் 12 இலக்க எண் ஒன்று இருப்பதால், வங்கிப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் கம்ப்யூட்டருக்குச் சில நிமிட வேலை. (பற்று வரவு இரட்டைப் பதிவு முறையை 1494-ல் வெனிஸ் நகரில் முதன்முதலாக அச்சில் விளக்கிய லூக்கா பச்சோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி. இன்றைய மென்பொருளும் அவர் விளக்கிய முறையிலேதான் நடக்கிறது.)

வரி விகிதத்தை மட்டும் நிரந்தரமாகப் பதித்துவிடக் கூடாது. நாளொன்றுக்கு ரூ.1,000 வரையுள்ள அறைகளுக்கு முன்பு ஜிஎஸ்டி விலக்கு இருந்தது. 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ரூ.7,500 வரையுள்ள அறைகளுக்கு 5 சதவீதம் ஆயிற்று. தர்ம ஸ்தாபனங்களுக்குச் சில விலக்குகளும் உண்டு. எது பொருந்தும் என்பதைத் தணிக்கையாளரிடம் கேட்டு, தேதியோடு ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி காணிக்கை விஷயம். புறப்படும்போது, "மீதியை ஆஸ்பத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுகிறவர்கள் பலர். அது வாடகை அல்ல, நன்கொடை. தனி ரசீது, தனிக் கணக்கு. கொடுப்பவர் வெளிநாட்டுக் குடிமகனானால் இன்னும் கவனம் வேண்டும். அவர் தரும் அறை வாடகை சேவைக்கான கட்டணம். மேலாகத் தரும் அன்பளிப்போ வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அது விடுதியின் ரொக்கப் பெட்டியில் சேரக் கூடாது. இந்தக் கேள்வியைக் கம்ப்யூட்டர் எழுத்தரிடம் கேட்கும்படி அமைக்கலாம். பதிலை எழுத்தர்தான் விசாரித்து எழுத வேண்டும்.

ஏழைகளுக்கு இலவசமாக அறை கொடுக்கும்போதுதான் பெரும்பாலும் கணக்கு மௌனமாகிவிடுகிறது. வாடகை இல்லை, ஆகவே பதிவும் இல்லை. இது சரியல்ல என்பது என் எண்ணம். வாடகை ரூ.400 என்று எழுதி, அதே ரூ.400 ஏழை நோயாளர் நிதியிலிருந்து ஈடுசெய்யப்பட்டது என்று அடுத்த வரியில் காட்ட வேண்டும். நீங்கள் அந்த நிதிக்கு அனுப்பிய பணம் எத்தனை குடும்பங்களுக்கு எத்தனை இரவு தலைசாய்க்க இடம் கொடுத்தது என்பது அப்போதுதான் தெரியும். ஆனால் யாருக்குச் சலுகை என்பதை எந்த மென்பொருளும் தீர்மானிக்கக் கூடாது. குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிய ஒருவர் கையெழுத்திட வேண்டும்.

பாக்கி இருந்தால் கைபேசிக்குத் தானாகவே நினைவூட்டல் அனுப்பும் வசதியும் இம்மென்பொருள்களில் கிடைக்கிறது. அதை நிறுத்தி வைப்பதே நல்லது. இரவில் வார்டிலே தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைக்கு, விடிந்ததும் "ரூ.400 பாக்கி" என்ற செய்தி போய்ச் சேர்ந்தால் அந்தக் காயத்தை எந்த மன்னிப்புக் கடிதமும் ஆற்றாது. கம்ப்யூட்டர் பாக்கிப் பட்டியலை அலுவலகத்துக்குக் கொடுக்கட்டும். பேசுவது மனிதராக இருக்கட்டும். மாலையில் ரொக்கப் பெட்டியை எண்ணி இருவர் கையெழுத்திடும் பழைய வழக்கமும் நீடிக்க வேண்டும்.

நீங்கள் எந்த மிஷன் விடுதியில் தங்க நேர்ந்தாலும், பதிவு எண் உள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள். டெபாசிட் தனி வரியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புறப்படும்போது காணிக்கை கொடுக்க மனமிருந்தால், அதை வாடகையோடு சேர்த்துக் கொடுக்காமல், வேறாகக் கொடுத்து வேறு ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.