உட்பக்கங்களில் வாழும் வரலாறு: அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகைகள் காத்த அன்றாட வாழ்க்கை

சிறு வயதில் விற்கப்பட்டுத் தாயைப் பிரிந்த மகள், எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்றே தெரியாத தம்பியைத் தேடும் அண்ணன் எனப் பலர் எழுதிய கடிதங்களுக்காக, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் வெளிவந்த 'சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட்' என்ற வார இதழ் 1879-ஆம் ஆண்டு தனிப்பகுதி ஒன்றைத் தொடங்கியது. 'தொலைந்த நண்பர்கள்' என்பது அதன் தலைப்பு. கறுப்பின மக்களுக்காக வெளிவந்த இத்தகைய இதழ்களின் உட்பக்கங்களே, அம்மக்களின் அன்றாட வாழ்வை அறிய இன்று ஆய்வாளர்களுக்குத் துணைநிற்கும் முக்கியச் சான்றுகளாக உள்ளன.

தனி இதழ்கள் ஏன் தேவைப்பட்டன?

கறுப்பினத்தவரே உரிமையாளராக இருந்து நடத்திய முதல் அமெரிக்கச் செய்தித்தாள் 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்' ஆகும். சாமுவேல் கார்னிஷ், ஜான் ரஸ்வர்ம் ஆகிய இருவரும் 1827-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் தேதி நியூயார்க்கில் இதனைத் தொடங்கினர். இரண்டு ஆண்டுகளே நீடித்த அந்த இதழ், அடிமைமுறையை எதிர்க்கும் கட்டுரைகளோடு பிறப்பு, திருமணம், இறப்பு அறிவிப்புகளையும் வெளியிட்டது.

வெள்ளையர் நடத்திய நாளேடுகளில் கறுப்பினத்தவரின் பெயர் பெரும்பாலும் குற்றச் செய்திகளில் மட்டுமே இடம்பெற்றது. அவர்களது திருமணமும் மரணமும் செய்தியாகக் கருதப்படவில்லை. தென் மாநிலங்களின் பல நாளேடுகள், 'திரு', 'திருமதி' என்ற மரியாதை அடைமொழிகளைக்கூட 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவர்களுக்கு அளிக்க மறுத்தன. இந்தப் பின்னணியில், ஒரு பெண்ணைத் 'திருமதி' எனக் குறிப்பிட்டு, அவர் தம் சகோதரியைக் காண வந்திருக்கிறார் என்று கறுப்பினப் பத்திரிகை வெளியிட்ட இரண்டு வரிச் செய்தி, அவரது மதிப்பை அச்சில் நிலைநாட்டியது.

உறவுகளைத் தேடிய விளம்பரங்கள்

1860-ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்போது அமெரிக்காவில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தனர். அடிமைகளுக்கான தனிப் பட்டியலில் அவர்களது வயது, பாலினம், நிறம் ஆகியவை உரிமையாளரின் பெயருக்குக் கீழே குறிக்கப்பட்டன. பெரும்பாலும் அவர்களது பெயர் பதியப்படவில்லை. அடிமைமுறை 1865-இல் ஒழிக்கப்பட்ட பின்னர், 1870-ஆம் ஆண்டு கணக்கெடுப்பில்தான் விடுதலை பெற்ற மக்கள் பெயருடன் பதிவு செய்யப்பட்டனர். மூதாதையரைத் தேடும் குடும்பங்கள் பலவும் இந்த ஆண்டுக்கு முன்னே செல்ல இயலாமல் நின்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

அந்த இடைவெளியை நிரப்புபவை தேடல் விளம்பரங்கள். பெற்றோர், உடன்பிறந்தோரின் பெயர்கள், பழைய உரிமையாளரின் பெயர், விற்கப்பட்ட ஊர், கடைசியாகப் பார்த்த ஆண்டு, பதில் அனுப்ப வேண்டிய முகவரி ஆகியவை அவற்றில் அடுக்கித் தரப்பட்டன. 'சவுத்வெஸ்டர்ன்' இதழ் சந்தாதாரர்களின் கடிதங்களைக் கட்டணமின்றி வெளியிட்டது; மற்றவர்கள் 50 சென்ட் செலுத்தினர். எழுதப் படிக்கத் தெரியாதோர் பலராக இருந்ததால், இக்கடிதங்களை ஆலய வழிபாட்டில் உரக்கப் படிக்குமாறு போதகர்களிடம் இதழ் கேட்டுக்கொண்டது. இவ்வாறு தேடி மீண்டும் ஒன்று சேர்ந்ததாகத் தெரியவருவோர் மிகச் சிலரே.

ரயிலில் பயணித்த செய்தித்தாள்

ராபர்ட் அபாட் என்பவர் 1905-ஆம் ஆண்டு 25 சென்ட் முதலீட்டில் 'சிகாகோ டிஃபெண்டர்' வார இதழைத் தொடங்கினார். முதல் இதழ் 300 பிரதிகள் அச்சிடப்பட்டது. புல்மன் ரயில் பெட்டிகளில் பணியாற்றிய கறுப்பின ஊழியர்கள் இதழ்க் கட்டுகளைத் தென் மாநிலங்களுக்குக் கொண்டு சென்றனர். தெற்கில் சில ஊர்களில் அதன் விற்பனை தடுக்கப்பட்டபோதும், முடிதிருத்தகங்களிலும் ஆலயங்களிலும் ஒரே பிரதி பலர் கைமாறிப் படிக்கப்பட்டது.

வடக்கின் வேலைவாய்ப்பு குறித்து டிஃபெண்டர் எழுதியதைக் கண்ட தென் மாநில மக்கள், கூலி எவ்வளவு, ரயில் கட்டணத்துக்கு உதவி கிடைக்குமா எனக் கேட்டு அந்த இதழுக்கே கடிதம் எழுதினர். அக்காலக் கடிதங்களின் தொகுப்பு ஒன்று 1919-இல் வெளியிடப்பட்டது. 1910-களில் தொடங்கி 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் பேர் தெற்கிலிருந்து வெளியேறிய 'பெரும் இடப்பெயர்வை', இடம்பெயர்ந்தோரின் சொற்களிலேயே அறிவதற்கு இக்கடிதங்கள் உதவுகின்றன.

ஊர்ச் செய்திகளும் புகைப்படங்களும்

யார் வீட்டுக்கு யார் வந்தார், யார் பட்டம் பெற்றார், எந்த ஆலயத்தில் விருந்து, எந்தத் தெருவில் வாடகைக்கு அறை என்பன போன்ற குறிப்புகள் வாரந்தோறும் இவ்விதழ்களை நிரப்பின. டிஃபெண்டர் 1923-இல் சிறுவர்களுக்கெனப் பக்கம் தொடங்கியது; அதன் கற்பனைப் பாத்திரமான பட் பில்லிகன் பெயரில் 1929 முதல் சிகாகோவில் ஊர்வலம் நடைபெற்று வருகிறது. 'பிட்ஸ்பர்க் கூரியர்' இதழின் புகைப்படக் கலைஞர் சார்லஸ் 'டீனி' ஹாரிஸ், தம் நகரத்துத் திருமணங்கள், கடைகள், பள்ளிப் பிள்ளைகள் எனப் பதிவுசெய்த ஏறத்தாழ 80,000 படச்சுருள் பிரதிகள் கார்னகி கலை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

எனினும் இவை குறையற்ற பதிவுகள் அல்ல. வசதி படைத்தோரின் விருந்துகளுக்கு அதிக இடம் தரப்பட்டது. தோல் நிறத்தை வெளுக்கச் செய்யும் களிம்பு விளம்பரங்களும், இன உரிமை பேசிய அதே பக்கங்களில் இடம்பெற்றன.

சாதனைப் பட்டியலை மாற்றிய பழைய இதழ்கள்

இப்பதிவுகளின் மதிப்பு அண்மையில் பேஸ்பால் விளையாட்டில் வெளிப்பட்டது. நிறப் பாகுபாட்டால் முதன்மைப் போட்டிகளில் சேர்க்கப்படாத கறுப்பின வீரர்கள், 1920 முதல் தங்களுக்கெனத் தனித் தொடர்களில் ஆடினர். அந்த ஆட்ட விவரங்களைத் தொடர்ந்து வெளியிட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பத்திரிகைகளே. ஆய்வாளர்கள் அவற்றை ஆட்டம் ஆட்டமாகத் திரட்டினர். அதன் பயனாக, 2,300-க்கும் மேற்பட்ட வீரர்களின் புள்ளிவிவரங்கள் 2024 மே மாதம் மேஜர் லீக் பேஸ்பாலின் அதிகாரப்பூர்வ ஏடுகளில் சேர்க்கப்பட்டன. டை காப் வைத்திருந்த .367 என்ற வாழ்நாள் மட்டையடிச் சராசரிச் சாதனையை .372 சராசரியுடன் ஜாஷ் கிப்சன் பின்னுக்குத் தள்ளினார். அவர் மறைந்து அப்போது 77 ஆண்டுகள் கடந்திருந்தன.

எஞ்சியவை எவ்வளவு?

பல இதழ்களைப் பொது நூலகங்கள் சேகரிக்காததால், சிலவற்றில் ஒருசில பிரதிகளே இன்று கிடைக்கின்றன. 'சிகாகோ டிஃபெண்டர்' 2019 ஜூலையில் அச்சுப் பதிப்பை நிறுத்தி இணையத்துக்கு மாறியது. வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகம் தன் கறுப்பினப் பத்திரிகைத் தொகுப்பை மின்னணுமயமாக்கி வருகிறது. பழைய தாள்களின் மங்கிய எழுத்துகளைக் கணினி பிழையாகப் படிப்பதால், வில்லனோவா பல்கலைக்கழகம் தொடங்கிய திட்டமொன்றில் தேடல் விளம்பரங்களைத் தன்னார்வலர்கள் கையால் படியெடுத்தனர்.

தாயைத் தேடி எழுதப்பட்ட கடிதத்துக்கு அன்று பதில் வராமல் போயிருக்கலாம். ஆனால் அதில் உள்ள பெயர்களைக் கொண்டு, 1870-க்கு முந்தைய தம் குடும்பத்தை அடையாளம் காணும் வாய்ப்பு இன்று அவர்களின் வழித்தோன்றல்களுக்குக் கிடைத்துள்ளது.