மாத்திரை முதலில்... காபி அப்புறம்!

"காலையில ஒரு வாய் காபி உள்ளே போனால்தான் எனக்குக் கையும் காலும் ஓடும். மாத்திரையைப் போட்டுட்டு ஒரு மணி நேரம் சும்மா இருன்னா எப்படி?"

தைராய்டு சுரப்பு குறைந்து, தினமும் தைராக்ஸின் மாத்திரை சாப்பிடும் பெண்கள் பலரின் புலம்பல் இது. நியாயமான புலம்பல்தான். விடியற்காலையில் எழுந்து பால் காய்ச்சி, டிகாக்ஷன் இறக்கி, வீட்டில் எல்லோருக்கும் ஆற்றிக் கொடுப்பவர், தான் மட்டும் வாசனை பிடித்துக்கொண்டு நிற்பது லேசான காரியமா? அதனால் பலரும் மாத்திரையையும் காபியையும் ஒன்றாகவே உள்ளே தள்ளிவிடுகிறார்கள்.

சிக்கல் அங்கேதான். இது மைக்ரோகிராம் கணக்கில், அளந்து அளந்து தரப்படும் மருந்து. கூடவே காபி போனால் குடல் அதை உறிஞ்சுவது குறைகிறது. இத்தாலிய மருத்துவர்கள் இதைச் சோதித்து 2008-ல் வெளியிட்டிருக்கிறார்கள். மருந்து சரியாகச் சேராததால் ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். ஏறியே இருக்கும். காபி சங்கதி தெரியாத டாக்டர் என்ன செய்வார்? 75-ஐ 100 ஆக்குவார்.

பிறகு ஒரு நாள் இதைப் படித்துவிட்டு நீங்கள் காபியைத் தள்ளிவைத்தால், அந்த 100-ம் ஒழுங்காக உடம்பில் சேரும். சில வாரங்களில் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரலாம். வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளாக ஆக எலும்பும் தேயும். ஆகவே பழக்கத்தை மாற்றும்போது டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி டி.எஸ்.ஹெச். பார்ப்பார்.

சரி, காபியை விடவே வேண்டுமா? வேண்டாம்! மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் படுக்கை பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கண் விழித்ததும் போட்டுவிட்டு, பல் தேய்த்து, கோலம் போட்டு, குளித்து வந்தால் முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும். அதுவும் முடியாதவர்கள், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். 2010-ல் வந்த நெதர்லாந்து ஆய்வில் இரவில் போட்டவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது. பத்து மணிக்குத் தோசை வார்க்கும் வீடுகளுக்கு இது ஒத்துவராது என்பது வேறு விஷயம்.

காபியைவிடப் பெரிய வில்லன்கள் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள். எல்லாவற்றையும் ஒரே உள்ளங்கையில் வைத்து விழுங்குகிறவர்கள் உண்டு. நான்கு மணி நேர இடைவெளி அவசியம்.

முட்டைகோஸைப் பார்த்து அநாவசியமாகப் பயப்படுகிறார்களே, வேகவைத்துப் பொரியலாகச் சாப்பிடும் அளவுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு நாள் மாத்திரை மறந்துபோனாலும் பதற வேண்டாம். மருந்து உடம்பில் பல நாள் தங்கும்.

கர்ப்பம் என்று சந்தேகம் வந்தால் மட்டும் தாமதம் கூடாது. மாத்திரையை நிறுத்தாமல், அன்றைக்கே டாக்டருக்குத் தெரிவியுங்கள். பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.